நிலுவையில் இருக்கும் வேட்பாளர்

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மனு போட்டவள் என்று ஜோதிலட்சுமியைப் பற்றிச் சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், "யாரு, மீன்கார ஜோதியா?" என்று ஒரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டு அப்புறம் சிரிக்கிறார்கள். அவள் யார் மேலும் கோபப்படுவதில்லை. சிரித்துக்கொண்டே மீன் வாங்குகிறவர்கள் பேரம் பேச மறந்துபோகிறார்கள் என்பது அவள் அனுபவத்தில் கண்டது.

கோவளத்துக்குத் தெற்கே எல்லையம்மன் குப்பத்தில் அவள் வீடு. புருஷன் கோபு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். அவன் கொண்டுவருவதும் கரையில் ஏலத்தில் எடுப்பதுமாகச் சேர்த்து அன்னக்கூடையில் ஐஸ் போட்டு அடுக்கி, காலையில் ஐந்து பெண்கள் ஒரு குட்டியானை வண்டியில் ஏறுவார்கள். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம். நான்கு பேர் மார்க்கெட்டில் இறங்கிக்கொள்வார்கள். ஜோதிலட்சுமி மட்டும் சிட்லபாக்கம் போவாள். ஏரியை ஒட்டிய ஆறு தெருக்கள் பதினெட்டு வருடமாக அவளுடையவை. எந்த வீட்டில் சங்கரா, எந்த வீட்டில் மாமியார் ஊருக்குப் போன நாளில் மட்டும் நெத்திலி, எந்த வீட்டில் பின்பக்கம் வந்து கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அந்தத் தெருக்களில் மீனே வாங்காத வீடுகளும் உண்டு. அனந்தகிருஷ்ணன் வீடு அதில் ஒன்று. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் விதிகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். 'மீன் விற்பவர்கள் கூடையைக் கழுவிய நீரைத் தெருவில் ஊற்றக் கூடாது' என்று சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கும் வாசகம் அவர் எழுதியது. ஜோதிலட்சுமி ஒரு நாளும் அப்படி ஊற்றியதில்லை. இருந்தாலும் அந்தத் தெருவில் மீன் விற்பவர் அவள் ஒருத்திதான் என்பதால், பலகையைப் படிக்கிறவர்கள் ஒரு தரம் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வருடக் குடியரசு தினத்தன்று தெருமுனையில் கொடியேற்றம் நடந்தது. அவளுடைய வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்; அவளும் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். அனந்தகிருஷ்ணன் மைக்கைப் பிடித்தார். நாட்டின் மிக உயர்ந்த நாற்காலிக்கு எந்தெந்த மதத்திலிருந்து, எந்தெந்த சாதியிலிருந்து, எந்தெந்த மூலையிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். ஒரு பெண் வந்தார், விஞ்ஞானி வந்தார், ஆசிரியர் வந்தார். "இந்த வருஷமும் எலெக்‌ஷன் வரப்போறது. யார் வேணும்னாலும் நிக்கலாம். அதோ நிக்கறாங்களே, அந்த அம்மா கூட நிக்கலாம்," என்று கையை நீட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். ஜோதிலட்சுமிக்கு மற்றதெல்லாம் சரியாகத்தான் பட்டது. அந்த 'கூட' மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

அதோடு அது போயிருக்கும். ஆனால் பங்குனி மாதத்தில் குப்பத்தில் ஒரு விவகாரம் கிளம்பியது. கரையோரம் அரசாங்கம் ஒரு கூடம் கட்டித் தருவதாக இருந்தது. இடத்தை ஊர்ச் சபை முடிவு செய்தது. இரண்டு பூவரச மரத்தடியில் பெண்கள் மீன் பிரித்து ஏலம் விடும் இடம்தான் அது. கூடம் வலை பின்னுவதற்கும் இன்ஜின் வைப்பதற்கும் மட்டும் என்று தீர்மானம் ஆனது. பெண்கள் ரோட்டோரமாகப் போய்க்கொள்ள வேண்டியது.

சபையில் பதினோரு பேர். பதினோரு பேரும் ஆண்கள்; கோபுவும் அதில் ஒருவன். தலைவர் துரைராஜ். அவருக்கு முன்னால் அவர் அப்பா. யாரும் யாரையும் தேர்ந்தெடுத்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஜோதிலட்சுமி முதலில் கோபுவிடம் சொல்லி அனுப்பினாள். அவன் போய்விட்டு வந்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நான் சொன்னது யாருக்கும் கேக்கல. நானும் அவ்ளோ சத்தமா சொல்லல."

மறுநாள் அவளே போனாள். சபை கூடும் சமுதாயக் கூடத்தின் வாசலில் நின்றாள். துரைராஜ் எழுந்து வெளியே வந்தார். கெட்ட மனிதர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இன்னா ஜோதி, உனுக்குத் தெரியாததா? சபைல பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லியே. இன்னா சொல்லணுமோ கோபு கிட்ட சொல்லி அனுப்பு."

"அனுப்பினேன் தலைவரே. அது வழியிலயே கெட்டுப் பூட்ச்சு."

உள்ளே யாரோ சிரித்தார்கள். கோபுவும் சேர்ந்து சிரித்தான் என்று பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் சிட்லபாக்கத்தில் அனந்தகிருஷ்ணன் வீட்டு கேட்டுக்கு முன்னால் அவள் கூடையை இறக்கினாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. அவர் பதறிப்போய் வெளியே வந்தார்.

"சார், மீன் விக்க வரல. அன்னிக்கு கொடியேத்தசொல்ல சொன்னீங்களே, நான் ஜனாதிபதிக்கு நிக்கலாம்னு. மெய்யாலுமா?"

அவருக்கு நிம்மதி. சட்டக் கேள்வி. "தாராளமா நிக்கலாம். இந்தியக் குடிமகனா இருக்கணும். முப்பத்தஞ்சு வயசு ஆகியிருக்கணும்."

"நாப்பத்தாறு ஆவுது. பொம்பளன்னு தடுப்பாங்களா?"

"அப்படி எங்கயும் எழுதலையே."

"செரி. எங்கூர் சபைக்கு நான் நிக்கணும்னா?"

"அதுக்கு என்ன ரூல்?"

"ரூலே கெடயாது சார்."

அனந்தகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரூல் இல்லாத எடத்துல ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"அப்ப ரூல் இருக்கற எடத்துலயே நிக்கறேன். ஃபாரம் எங்க கெடைக்கும்?"

அவர் விளையாட்டு என்றுதான் நினைத்தார். ஆனால் ஒரு கேள்வியைப் பாதியில் விடுவது அவர் சுபாவத்தில் இல்லை. இரண்டு நாளில் சட்டத்தை அச்செடுத்து, முக்கியமான இடங்களில் பச்சைக் கோடு போட்டு வைத்திருந்தார். கேட்டுக்கு உள்ளே அவர், வெளியே அவள், நடுவில் சட்டம். ஐம்பது பேர் முன்மொழிய வேண்டும், ஐம்பது பேர் வழிமொழிய வேண்டும். நூறு பேரும் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும் என்று விளக்கினார்.

"உங்களுக்கு அப்படி யாராவது பழக்கமா?"

"ஓட்டு கேக்க வந்த ஒரு எம்.எல்.ஏ. எங்கையப் புடிச்சிக்கினு கும்பிட்டாரு."

"அது செல்லாது. மனுவைத் தள்ளுபடி பண்ணிடுவா."

"தள்ளட்டும் சார். உள்ள வுட்டுட்டுதான தள்ளுவாங்க?"

அவர் அச்செடுத்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். இதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் இருக்கும் பக்கத்தின் சான்று நகல் வேண்டியிருந்தது. அதற்காகத் தாலுகா ஆபீசுக்கு மூன்று தரம் நடந்தாள். 'என்ன காரணத்துக்காக' என்ற கட்டம் வந்தபோது எழுத்தர் நிமிர்ந்தார். "ஜனாதிபதிக்கு நிக்க," என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். அப்புறம் 'சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதினார். டெபாசிட் கட்ட வேண்டும் என்றதும் மகளிர் குழுவில் கேட்டாள். மனு தள்ளுபடியானால் அது முழுசாகத் திரும்பி வரும் என்று அனந்தகிருஷ்ணன் எழுதிக் கொடுத்திருந்ததால், குழுவில் அத்தனை பேரும் அவள் மனு தள்ளுபடியாக வேண்டும் என்று மனதார வாழ்த்தி அனுப்பினார்கள்.

கோபுவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. "இன்னாமே, ஆயிட்டீன்னா அங்கயே இருந்துடணுமா?"

"உனுக்கு யாரு சோறாக்குவாங்கன்னு பாக்கறியா?"

"அது இல்ல. டில்லில கடல் கெடயாதே, நான் இன்னா பண்றதுன்னு யோசிச்சிகினு கீறேன்."

ஜூன் மாதம் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் எல்லாம் கடலுக்குப் போய், மார்க்கெட்டில் மீன் கொட்டிக் கிடந்த வாரத்தில் அவள் கிளம்பினாள். கூட வந்தவள் பாப்பா. அதே குப்பத்தாள், தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கிக்கொள்ளும் நான்கு பேரில் ஒருத்தி, ஜோதிலட்சுமியைவிட மூன்று வயது பெரியவள், எதற்கும் அசராதவள். சென்ட்ரலில் ஏறி முப்பத்து மூன்று மணி நேரம். வெயிலில் தில்லி தோசைக்கல் மாதிரி இருந்தது. நாடாளுமன்ற வாசலில் காவலர் பாப்பாவின் பையைத் திறந்து, கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் வங்காளி என்று பிறகு தெரிந்தது.

மனு கொடுக்க வந்தவர்கள் வரிசை ஒன்று இருந்தது. பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் அந்த வரிசையில் இல்லை. அவர்கள் வேறு நேரத்தில், காமிராக்களோடு வருவார்களாம். இங்கே நின்றவர்கள் ஒரு ரிக்‌ஷாக்காரர், தலைப்பாகை கட்டிய விவசாயி ஒருவர், மலைஜாதிக் கம்பளி போர்த்தி வியர்த்து வழிந்த கிழவர், வெள்ளை அங்கியில் ஒரு திருநங்கை, எல்லாருக்கும் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துக்கொண்டிருந்த ஜோசியர். யார் ஜெயிப்பார் என்று ஜோசியரிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு நடுவே ஒருவர், "நீங்க தமிழா?" என்று திரும்பினார்.

அவர் பெயர் ஜேசன். தாம்பரம் விமானப்படை நிலையத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு சேலையூரில். இந்தி சரளமாகப் பேசினார். இது அவருக்கு மூன்றாவது தேர்தல்.

"ரெண்டு தரம் தள்ளிட்டாங்களா?" என்றாள் பாப்பா.

"முறைப்படி தள்ளினாங்கம்மா," என்று ஜேசன் திருத்தினார். கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. "சும்மா போன்னு சொல்ல முடியாது. ஏன் தள்ளுறோம்னு காரணத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரணும். சட்டம். அதுவும் பரிசீலனை பண்றப்போ மனு போட்டவங்க பக்கத்துலயே உக்காந்து பாக்கலாம். அவங்க பேசுறதுக்கு நாம பதில் சொல்லலாம்."

"எழுதித் தரணுமா?"

"எழுதித்தான் தரணும்."

ஜோதிலட்சுமி அதை இரண்டு தரம் கேட்டு வாங்கி மனதில் வைத்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எழுந்து நிற்கவில்லை, ஆனால் நாற்காலியைக் காட்டினார். "ஜோதிலட்சுமி ஜி, பைட்டியே." ஜேசன் மொழிபெயர்ப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தாள். தொழில் என்ன என்று கேட்டார். மீன் என்றாள். அவர் எந்த மாநிலம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். முன்மொழிபவர்கள்? இல்லை. வழிமொழிபவர்கள்? இல்லை. அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, சலிப்பும் இல்லை. நாள் பூராவும் இதே பதிலைக் கேட்டுப் பழகியவர். ரசீது கொடுத்துக் கைகூப்பினார். மொத்தம் நான்கு நிமிடம்.

வெளியே வந்து மரநிழலில் நின்றதும் ஜோதிலட்சுமி அழுதாள். பாப்பா பதறினாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? தள்ளுவாங்கன்னு தெரிஞ்சிதான வந்தோம்?"

"அதுக்கு இல்லக்கா. உக்கார சொன்னாரு."

பரிசீலனை வரை தங்க வசதி இல்லை. தள்ளுபடி உத்தரவை ஜேசன் வாங்கி அனுப்பினார். பத்து நாளில் தபாலில் வந்தது. போதிய முன்மொழிவோர், வழிமொழிவோர் இல்லாத காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் மூன்று வரி, கையெழுத்து, முத்திரை.

இதற்கிடையில் அவள் பெரிய ஆளாகியிருந்தாள். சிட்லபாக்கத்தில் சங்கத்தின் சார்பில் சால்வை போர்த்தினார்கள். 'நமது தெருவிலிருந்து முதல் குடியரசுத் தலைவர் வேட்பாளர்' என்று அனந்தகிருஷ்ணன் பேசினார். அறிவிப்புப் பலகையில் அவள் படத்தை ஒட்ட இடம் போதவில்லை. மீன் தண்ணீர் பற்றிய வாசகத்துக்குக் கீழே ஒட்டினார்கள். குப்பத்திலோ பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'பாரதத்தின் ஜனாதிபதி வேட்பாளரை ஈன்ற எல்லையம்மன் குப்பம்' என்று போட்டிருந்தது. அதில் துரைராஜின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. ஜோதிலட்சுமியின் படம் வலது மூலையில், பாஸ்போர்ட் அளவில்.

ஜூலையில் முடிவு வந்தது. ஜெயித்தவரும் ஒரு பெண், பழங்குடியில் பிறந்தவர். அன்று சமுதாயக் கூடத்து டிவியில் சபையார் பதினோரு பேரும் பார்த்தார்கள். "பாத்தியா, எங்கியோ பொறந்த ஒரு பொம்பள எம்மாந்தூரம் வந்துட்டாங்க. நாடு முன்னேறிக்கினு கீது," என்று துரைராஜ் நிஜமாகவே நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அதைக் கேட்டார்கள்.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு ஜோதிலட்சுமி ஒரு மனுவோடு வந்தாள்.

படிவம் தயாரித்தவர் அனந்தகிருஷ்ணன். தில்லிப் படிவத்தையே எடுத்து, 'இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு' என்று இருந்த இடத்தில் 'எல்லையம்மன் குப்பம் ஊர்ச் சபை உறுப்பினர் பதவிக்கு' என்று தட்டச்சு செய்திருந்தார். ரூல் இல்லாத இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னவர், ரூலை அங்கே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசையைத் தவிர்க்க முடியாமல் போனார். தில்லியில் இல்லாமல் போன முன்மொழிவோர் ஐம்பது பேரும் வழிமொழிவோர் ஐம்பது பேரும் இதில் இருந்தார்கள். எல்லாரும் குப்பத்துப் பெண்கள். வரிசை எண் ஏழு, லோகநாயகி, தலைவர் துரைராஜின் மனைவி.

துரைராஜ் மனுவை வாங்கிப் படித்தார். ஏழாவது எண் வந்ததும் கொஞ்சம் நிதானித்தார். "செரி, இத்த தள்ளுபடி பண்ணிடலாம்," என்று பக்கத்தில் கொடுத்தார்.

"பண்ணுங்க தலைவரே," என்றாள் ஜோதிலட்சுமி வாசலில் நின்றபடி. "காரணம் எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க. டில்லில குடுத்தாங்க." தள்ளுபடி உத்தரவை உயர்த்திக் காட்டினாள்.

சபையின் எழுத்து வேலையெல்லாம் பார்ப்பவன் மகேஷ். பேனாவை எடுத்தான். "இன்னா எழுதறது?"

"வழக்கம் இல்லன்னு எழுது," என்றார் ஒருவர்.

"எந்த வழக்கம்? பொம்பளன்னு எழுதணுமா?"

"அத்த ஏன் எழுதற? சும்மா வழக்கம்னு எழுது."

"கீழ யாரு கையெழுத்து?"

எல்லாரும் துரைராஜைப் பார்த்தார்கள். துரைராஜ் மகேஷைப் பார்த்தார். மகேஷ் பேனாவை மூடினான். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. டில்லிக்கே போய்ட்டு வந்தவங்க. நாம எழுதிக் குடுத்த காயிதம் நாளைக்கு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

அதன் பிறகு சபை மனுவில் பிழை தேடியது. வயது சரியாக இருந்தது. பெயர் சரியாக இருந்தது. நூறு கையெழுத்தில் ஒன்றாவது போலியா என்று பார்த்தார்கள். தங்கள் வீட்டுப் பெண்களின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. எழுத்துப்பிழை தேடினார்கள். முப்பத்து நான்கு வருடம் விதிகள் பிரிவில் இருந்தவர் அடித்த காகிதத்தில் அது எங்கே கிடைக்கும்? கடைசியில் துரைராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நிலுவைல வெச்சிடலாம். அடுத்த கூட்டத்துல பாக்கலாம்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. யாரும் எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

"ரொம்ப செரி," என்றாள் ஜோதிலட்சுமி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்க வர்ற?"

"மனு நிலுவைல கீதுன்னா பரிசீலனை முடியலன்னுதான அர்த்தம்? பரிசீலனை நடக்கசொல்ல மனு போட்டவங்க கூட இருக்கலாம். சட்டம். சிட்லபாக்கம் சார் பச்சைக் கோடு போட்டுக் குடுத்துக் கீறாரு. படிக்கட்டுமா?"

யாரும் படிக்கச் சொல்லவில்லை. கோபு மட்டும் தன் நாற்காலியிலிருந்து எழுந்தான். வெளியே அனுப்பத்தான் எழுந்தான் என்று சபை நினைத்தது. அவன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

அன்று கரையோரக் கூடத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவள் பேசினாள். நான்கு கூட்டம் விடாமல் பேசினாள். கூடம் கட்டி முடிந்தபோது பாதி வலைக்கு, பாதி மீனுக்கு என்று ஆகியிருந்தது. மின்விசிறிகள் இரண்டும் வலைப் பக்கம் மாட்டப்பட்டன; வலைக்கு வியர்க்குமா என்று அவள் கேட்டதற்குச் சபை இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியும் நிலுவையில் இருக்கிறது.

இப்போது மூன்று வருடம் ஓடிவிட்டது. ஜோதிலட்சுமியின் மனு ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் எடுக்கப்பட்டு, முதலில் ஒத்திவைக்கப்படுகிறது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இரண்டாவதாகப் பாப்பாவின் மனு. மூன்றாவது, தண்ணீர் லாரிக்கு வரிசை போடும் ஒரு விதவைப் பெண்ணுடையது. நான்காவது, கல்லூரியில் வேலை பார்க்கும் குப்பத்து மருமகள் ஒருத்தியுடையது. போன மாதக் கூட்டத்துக்கு முன்பு வரை சபை உறுப்பினர்கள் பதினோரு பேர், பரிசீலனையில் இருக்கும் வேட்பாளர்கள் பத்துப் பேர். உறுப்பினர்களில் சிலர் வராத நாட்களில் கூட்டம் நடக்கப் போதுமான ஆள் இருப்பது வேட்பாளர்களால்தான். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது, "எங்க சபைல எல்லா தரப்பும் கீறாங்க," என்று துரைராஜ் பெருமையாகச் சொன்னார். உறுப்பினர்களில் எத்தனை பெண்கள் என்று கேட்டதற்கு, "மனுவெல்லாம் பரிசீலனைல கீது," என்றார்.

போன மாதக் கூட்டத்தில் பதினோராவது மனு வந்தது. மகேஷ் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலைவரிடம் நீட்டினான். துரைராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார். வேட்பாளர் பெயர் லோகநாயகி. கணவர் பெயர் துரைராஜ். காலையில் தனக்கு இட்லி வைத்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. முதலிலிருந்து கடைசி வரை படித்தார். திருப்பிப் போட்டு ஒரு தரம் படித்தார்.

"நிலுவை," என்றார்.

லோகநாயகி அதற்கு முன்பே பாப்பாவுக்கும் ஜோதிலட்சுமிக்கும் நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்து, தண்ணீர்க் குழாய் விஷயத்தை எப்போது எடுக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.